ஒரே பக்கெட்

அண்ணி,

இன்று காலை கொடியிலிருந்து சின்னவளின் துணியை எடுத்ததும் கை தானாக மூக்குக்குப் போனது. வெறும் வெயில் வாசனைதான். இருந்தாலும் இன்னொரு முறை முகர்ந்தேன். இந்தப் புத்தி உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது தொடையிடுக்கெல்லாம் சிவந்து புண்ணாகிப் போனதே, நினைவிருக்கிறதா? துடைக்கப் போனாலே வீல் என்று கத்துவான். நான் கும்மிடிப்பூண்டிக்கு ஷிஃப்ட் போக, அவனைப் பார்த்துக்கொண்டது நீங்கள். டயாப்பரை மாற்றாமல் டிவி பார்க்கிறீர்களோ என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம். உங்களுக்கோ ஊர் உலகத்தின் மேலேயே சந்தேகம்.

"இன்னாம்மா பவுடர் இது, கமகமன்னு? எனக்கு இதும்மேலதான் டவுட்டு" என்று டப்பாவைப் பிடுங்கி வைத்தீர்கள். துடைக்க வைத்திருந்த வாசனை வைப்ஸும் போனது. டயாப்பரை விட்டுத் துணிக்கு மாறினோம். ஈரமானதும் மாற்றுங்கள், தண்ணீரில் கழுவி ஒத்தி எடுங்கள், கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள் என்று சொல்லி டாக்டரம்மா களிம்பு எழுதிக் கொடுத்தார். அவரையும் நீங்கள் நம்பவில்லை; ஆனால் சொன்னதைத் தவறாமல் செய்தீர்கள். அப்படியும் ஆறவில்லை. "வேலைய விட்டுட்டு ஊட்ல இரு" என்று என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, ஆரம்பித்துவிட்டார்.

அன்று துணி மடித்துக்கொண்டிருந்த நீங்கள் சட்டென்று ஒன்றை முகர்ந்தீர்கள்.

"டேய், இங்க வாடா. கொழந்தத் துணியில இன்னாடா கம்பெனி வாடை?"

அவர் திருதிருவென்று விழித்தார். கெமிக்கல் யூனிட்டுக்கு வேலைக்குப் போட்டுப்போன தன் யூனிஃபார்மை ஊறவைத்த பக்கெட்டிலேயே பிள்ளைத் துணியையும் போட்டிருக்கிறார், மகராசன்.

"ஒரே வேலையா முடிஞ்சிடுமேன்னு போட்டேன்க்கா."

"அவள வேலைய விடச் சொல்றியே, மொதல்ல உன் பேண்ட்ட தனியா ஊறவைடா!"

தனி பக்கெட் வந்தது, புண் ஆறியது, நான் வேலையை விடவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எம்மேலதானே டவுட்டு பட்டுக்கினு இருந்தே?" என்றீர்கள். கோபமா கிண்டலா, இன்றுவரை தெரியவில்லை.

சின்னவள் பிறக்கும் முன்பே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்; அவளை உங்கள் மடியில் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. நாளை மறுபடி வேலைக்குப் போகிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள், நல்லவள் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நான் சந்தேகப்பட்ட ஆளைத்தான் தேடுகிறேன், அண்ணி.