பக்கத்து சீட்

சாவ்லே,
பிப்ரவரி கடைசி ஞாயிறு.

அன்புள்ள டூலியோவுக்கு,

நெவியா எழுதிக்கொள்வது. நான் நலம். பூனை நலம். கூரை நலமில்லை. போன வாரம் அடித்த புரா காற்றில் வடக்குப் பக்கத்து ஓடுகள் நாலைந்து கிளம்பிப்போய் அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் விழுந்தன. கோழிகளும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. காரைப் பற்றிப் பேசும்போது உன் குரலில் சளி, இருமல் எதுவும் இருப்பதில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் கோபமாக ஆரம்பித்தால் நீ சிரிக்கிறாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகிறது. கடிதத்தில் உன்னால் குறுக்கே சிரிக்க முடியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நார்வேயில் கப்பல் கட்டும் வேலைக்கு நீ போனது ஒரே ஒரு வருடத்துக்கு. இப்போது நடப்பது மூன்றாவது குளிர்காலம். ஈஸ்டருக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் இதே மேஜையில் கையடித்துச் சொன்னாய். நானும் நம்பினேன். இப்போது உன் ரேஸ் கிளப் ஸ்வானே தன் காரை விற்கிறான் என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும், இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டால் அதை வாங்கிவிடலாம் என்கிறாய். நான் போய்ப் பார்த்து முன்பணமும் கொடுக்க வேண்டுமாம். அதாவது, நீ இன்னும் ஒரு வருடம் வராமல் இருப்பதற்கு நானே முன்பணம் கட்ட வேண்டும். இதை எந்த வாயால் கேட்டாயோ தெரியவில்லை.

இருந்தாலும் போனேன். நேற்றுக் காலை உன் தம்பி ப்ரூனோவின் ரொட்டி வேனில் போனோம். எதைக் குனிந்து பார்க்க வேண்டும், எதைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நீ போனில் அரை மணி நேரம் பாடம் எடுத்தாயே, அதை எல்லாம் ப்ரூனோ பார்த்துக்கொள்வான் என்று நம்பியது என் தப்பு. கொட்டகையில் கார் மேல் போட்டிருந்த துணியை ஸ்வானே இழுத்ததுமே உன் தம்பி, “அண்ணி, கொஞ்சம் பாருங்களேன், எவ்ளோ லட்சணமா இருக்கு” என்று ஆரம்பித்துவிட்டான். விற்கிறவன் முன்னால் வாங்கப் போகிறவன் பேசுகிற பேச்சா இது. அவன் காலை மிதித்தேன். “ஏன் அண்ணி மிதிக்கறீங்க?” என்று அதையும் சத்தமாகக் கேட்டான்.

லட்சணத்தைச் சொல்கிறேன் கேள். நாம் வைத்திருந்தோமே, அதே மாதிரி சின்ன ஜப்பான் வண்டிதான். மேற்கூரை இல்லை. அதற்குப் பதில் தலைக்கு மேல் இரும்புக் கம்பிக் கூண்டு. தரைவிரிப்பு இல்லை, ஹீட்டர் இல்லை, ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. கதவின் உட்புறத்தைக்கூட உரித்துவிட்டு, திறப்பதற்கு ஒரு துணி நாடா கட்டி வைத்திருக்கிறான். ஒரு வண்டியிலிருந்து இவ்வளவையும் எடுத்துவிட்டு, புதுசாக வாங்கியதைவிட அதிக விலை சொல்கிற வியாபாரம் உங்கள் கூட்டத்தில்தான் நடக்கும்.

ரேஸ் ட்ராக்கில் எவ்வளவு ஓட்டியிருக்கிறாய் என்று ஸ்வானேயிடம் கேட்டேன். “ரெண்டே ரெண்டு தடவதான் அக்கா. மத்தபடி சும்மா கடலோரமா ஐஸ்கிரீம் சாப்பிடப் போறதுக்கு வெச்சிருக்கேன்” என்றான். எனக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டான் போல. க்ரோப்னிக் ட்ராக் நம் துணிக்கொடிக்கு நேர் மேலே மேட்டில் இருப்பது அவனுக்கு மறந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் நான் துணி காயப்போடுகிறேன், ஞாயிறு தவறாமல் அவன் சுற்றுகிறான். “நேர் ரோடு முடிஞ்சு திரும்பும்போது உன் வண்டி ரெண்டு தடவ இருமுதே, அது ஐஸ்கிரீம் சாப்பிட்டதாலயா?” என்று கேட்டேன். பிறகு, அது பெட்ரோல் பம்ப் கோளாறு, மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

ஒரு சுற்று போய் வரலாம் என்று கூப்பிட்டான். அந்தக் கம்பிக்கூண்டுக்குள் நுழைய நான் பட்ட பாட்டை எழுதினால் நீ சிரிப்பாய், அதனால் எழுதவில்லை. மாதாகோவில் வளைவில் ஸ்வானே திருப்பினான். கார் இடது பக்கம் போனது. என் சீட் மட்டும் தன் வழியில் போகப் பார்த்தது. நிறுத்தச் சொல்லி, இறங்கிக் குனிந்து பார்த்தேன். நாலு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. அப்போதுதான் சீட்டின் ஓரத்தில் கை பட்டது.

டூலியோ, சீட்டின் ஓரத்தில் தூண்டில் நூலில் போட்ட தையல் இருந்தது. பச்சை நூல், பாதிக்குப் பாதி கோணலான தையல். உட்காரும் இடத்தில் கறுத்துப்போன ஒரு கறை. க்ர்க் தீவிலிருந்து அம்மா கொடுத்த புளிப்புச் செர்ரி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேனே, பாலத்துக்கு முன்னால் ஆட்டுக்குட்டி வந்தது என்று நீ பிரேக்கை மிதித்தாயே. ஆட்டுக்குட்டி எதையும் நான் பார்க்கவில்லை. ட்ராக்கில் மிதிப்பதுபோல் மிதித்துப் பார்த்தாய், அவ்வளவுதான். ஜாடி உடைந்து சீட்டும் கிழிந்தது. வீட்டில் வேறு நூல் இல்லாமல் உன் தூண்டில் நூலை எடுத்துத் தைத்தவள் நான். என் தையல் எனக்குத் தெரியாதா?

அந்த சீட் காரோடு போய்விட்டது என்றுதானே சொன்னாய்? நீ நார்வேக்குப் போன வருடம் நம் காரை விற்றபோது, அது போகும் வழியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். உள்ளே என் சீட்டே இல்லாத காருக்காகவா அழுதேன்?

ஸ்வானே முதலில் பூசி மெழுகினான். நான் நகரவில்லை. கடைசியில் சொன்னான்: “அக்கா, இது என் சீட் இல்ல, கிளப் சீட். டூலியோ அண்ணன் குடுத்துட்டுப் போனாரு. சோதனைக்கு மட்டுந்தான் மாட்டுவோம்.” கதை இதுதான். ட்ராக்கில் வேகம் வேண்டும் என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் பக்கத்து சீட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். அரசாங்கத்தின் வருடாந்திர வண்டிச் சோதனைக்குப் போனால் காகிதத்தில் இரண்டு சீட், காரில் ஒன்று. அதனால் ஊர் முழுவதற்கும் ஒரே சீட், ஒரே சத்தமில்லாத சைலன்சர். ஒருவன் சோதனை முடித்ததும் கழற்றி அடுத்தவனுக்கு. வெள்ளிக்கிழமை ஸ்வானேயின் முறை, திங்கட்கிழமை வேறொருவன் முறை. நடுவில் சனிக்கிழமை வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட வசதியாக இரண்டு போல்ட்டோடு விட்டுவைத்திருக்கிறான், அவசரமாகக் கழற்ற வேண்டுமே என்று. நீ வீட்டுக்கு வந்ததைவிட அதிகத் தடவை என் சீட் சோதனைக்குப் போய் வந்திருக்கிறது.

அங்கேயே கழற்றச் சொன்னேன். “அக்கா, திங்கக்கெழம குடுக்கணும் அக்கா, மானம் போயிரும்” என்று கெஞ்சினான். ப்ரூனோ அவன் பக்கம் பேச வாயைத் திறந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். ரொட்டிக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தோம். வரும் வழியில் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு உன் தம்பி, இந்த சீட் பதினான்கு கிலோ, இதைக் கழற்றினால் ஒரு சுற்றுக்கு அரை நொடி மிச்சமாகும், அண்ணனே கணக்குப் போட்டுச் சொன்னார் என்றான்.

அரை நொடி மிச்சம் பிடிக்க என்னை இறக்கிவிட்டிருக்கிறாய். அந்த அரை நொடியை வைத்துக்கொண்டு நீ எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாய் என்று யோசித்துப் பார்.

சீட் இப்போது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பணம் கொடுக்கவில்லை. கம்பளிச் சாக்ஸும் அத்திப்பழமும் தனியாக அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் அனுப்பாமல் விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
இன்னும் உன் மனைவியான
நெவியா


சாவ்லே,
மார்ச், இரண்டாவது ஞாயிறு.

டூலியோ,

உன் கடிதம் வரவில்லை. உனக்குப் பதில் உன் கிளப் வந்தது.

போன ஞாயிறு மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேர், சவப்பெட்டி தூக்க வந்தவர்கள் மாதிரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். வந்தவர்களை நிற்க வைத்துப் பேச முடியுமா? உள்ளே கூப்பிட்டு, இருந்த மாவை எல்லாம் கரைத்துப் பலச்சின்கா சுட்டுப் போட்டேன். நாற்காலி போதவில்லை. இரண்டு பேர் விறகுப்பெட்டி மேல் உட்கார்ந்தார்கள், ஒருவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். அடுப்புப் பக்கத்தில் சீட் காலியாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் அதில் உட்காரத் துணிச்சல் வரவில்லை. பூனை மட்டும் உட்கார்ந்தது.

ஸ்வானேதான் பேசினான். நாலு பேருக்குச் சோதனை நாள் நெருங்கிவிட்டதாம், ஒருவனுக்குக் கெடுவே தாண்டிவிட்டதாம். “நீங்க என்ன சொன்னாலும் செய்றோம் அக்கா” என்றான். ஓடு மாற்றுகிறீர்களா என்று கேட்டேன். ஏழு பேரும் பலச்சின்கா வாயோடு கூரையில் ஏறினார்கள். ஒழுகல் நின்றுவிட்டது, அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், ஓடு வேறு, சீட் வேறு. இதை யார் கழற்றினாரோ அவர் வந்து தன் கையால் மாட்டட்டும், அதுவரை இது இங்கிருந்து அசையாது என்று. “அவரு எப்பக்கா வருவாரு?” என்று ஒருவன் கேட்டான். கிளப்பிலேயே வயதில் சின்னவன், விவரம் தெரியாமல்தான் கேட்டிருப்பான். மாவுக் கரண்டியைக் கழுவப் போனேன். அவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்றிலிருந்து ஏழு பேரும் முறை வைத்து உனக்குப் போன் செய்கிறார்களாமே, ப்ரூனோ சொன்னான். வெல்டிங் நடுவில்கூட விடுவதில்லையாம். எனக்கு இரண்டரை வருடமாகப் பழகிப்போன வேலை அது. இப்போது அவர்கள் கொஞ்ச நாள் செய்யட்டும்.

நீ நேற்றுப் போனில் சொன்னதற்கும் பதில் எழுதுகிறேன். ஒரு சீட்டுக்காக இவ்வளவா என்று கேட்டாய். ஆமாம், இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வண்டிகள் சுற்றும் சத்தம் வீட்டுக்குள் வரும்போது இங்கே ஒருவரும் இருப்பதில்லை. எந்தச் சத்தம் யாருடைய வண்டி என்று சொல்வதற்குக்கூட ஆளில்லாமல் பூனையிடம் சொல்கிறேன். எனக்குக் கார் பிடிக்காது என்று நீ நினைக்கிறாய். மாதாகோவில் வளைவில் அந்த ஓட்டை வண்டி திரும்பியபோது, சீட் ஆடாமல் இருந்த வரைக்கும், எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஓட்டுகிற இடத்தில் ஸ்வானே இருந்தான், அதுதான் பிடிக்கவில்லை.

அதனால் ஸ்வானேயிடம் நேற்றுப் போய்ப் பேசினேன். பெட்ரோல் பம்ப்பை மாற்றிவிட்டான், இருமல் நின்றுவிட்டது, இன்று காலை கொடியடியில் நின்று நானே கேட்டேன். ஈஸ்டர் வரைக்கும் வேறு யாருக்கும் விற்க மாட்டான். அவன் கிளப்புக்குச் சீட் வேண்டுமே. கையில் இருப்பது போதும், மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்கிறான். இன்னொரு வருடம் எதற்கும் வேண்டியதில்லை. ஈஸ்டருக்கு நீ வந்தால் கார் உனக்கு. வராவிட்டால் நானே வாங்கி நானே ஓட்டுவேன், உன் பக்கத்து சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு. அரை நொடி எனக்கும் மிச்சமாகட்டும்.

இதைக் கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும். உனக்குக் கோபத்தைப் படிக்கத் தெரியும்.

குளிரில் வேலை செய்யும்போது மேலே ஏறுகிற இடங்களில் பார்த்துக் கால் வை. உன் கைகால்களைப் புனித விது காப்பாற்றட்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் விரல்களை மட்டும் கொஞ்சம் பிடித்து வைக்கட்டும்.

பழைய போல்ட்கள் உன் தகர டப்பாவில் கிடைத்துவிட்டன. துரு தேய்த்து, எண்ணெய் போட்டு, சீட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். நாலும் இருக்கிறது. மாட்டத்தான் ஆள் இல்லை.

வந்துவிடு.

நெவியா