சத்து மாத்திரை டப்பா

12-6-83, ஞாயிறு
புழுதிக் காற்று. உசிலம்பட்டியிலிருந்து பசுமலை வரை நின்றபடியே பஸ். செருப்பு வார் அறுந்தது.
மகள் பேச்சி வீடு. பேத்தி ராணிக்கு ஏழு வயது, ஒன்றாம் வகுப்பில் மூன்றாம் வருஷம். "இவளுக்குப் படிப்பு ஏறாதும்மா" என்றாளாம் டீச்சர். சொல்ல அவள் யார்? கோபத்தை மகளிடம் கொட்டினேன். அவளுக்கு இப்போது வயிற்றில் நான்கு மாதம். அழவில்லை. முறுக்கு எடுத்து வைத்தாள்.

14-6, செவ்வாய்
பேச்சியின் வலிப்புக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் போனேன். நான் மட்டும். கேட்டேன்: கர்ப்பத்தில் தின்ற மாத்திரையா ராணியை இப்படி ஆக்கியது?
"இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது பெரியவரே. அதுக்காக நிப்பாட்டிராதீங்க, தாய் உசுருக்கே ஆபத்து. அப்ப கூடுதலா எதுவும் சாப்பிடலையே?"
இல்லவே இல்லை என்றேன்.
மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்துப் படித்தேன். ஒன்பது வார்த்தை புரிந்தது.

16-6, வியாழன்
ராணிக்குச் சிலேட்டு வாங்க. செருப்புத் தைக்க.
பேச்சியின் வலிப்பு மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றினேன். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இப்படித்தான். வலிப்பு என்று சொல்லியிருந்தால் யார் கட்டியிருப்பார்கள்? செய்தது சரிதான்.

17-6, வெள்ளி
பசுமலை. சம்பந்தியம்மா டப்பாவை வாங்கினாள். நல்ல மனுஷி.
"ராணி வயித்துல இருக்கயில நாந்தாண்ணே வேளைக்கு ரெண்டாக் குடுத்தேன். வேணாம்னு அழுதா. சத்து மாத்திரைக்கு என்னடி அழுகைன்னு வாயில போட்டுவிட்டேன். இந்தத் தடவையும் விட மாட்டேன்."
அப்போது டப்பா சீக்கிரம் தீர்ந்தது. தொலைத்துவிட்டாய் என்று பேச்சியை நான் திட்டியிருக்கிறேன்.
"ஒண்ணு போதும் தாயி, சூடு" என்றேன்.
"சூடுன்னா மோர் குடுத்துக்கிறேன். நீங்க என்ன டாக்டரா?"
பஸ் நிறுத்தம் வரை பேச்சி வந்தாள். "தொண்டையில இறங்குற வரைக்கும் அத்தை எதுத்தாப்புல நிப்பாகப்பா."
சொல்லிவிடுகிறேன் என்றேன்.
"சொன்னா ராணியையும் என்னையும் உங்க கூடவே அனுப்பிருவாக. சொல்லிராதீக."

18-6, சனி
மழை இல்லை. செருப்பு நேற்றே தைத்தாயிற்று.
சொல்லிவிடுவது என்று காலையிலேயே கிளம்பினேன். பசுமலை பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. திரும்பிவிட்டேன்.
மணி எட்டு. சம்பந்தியம்மா காலை மாத்திரை கொடுத்திருப்பாள். இரண்டு.