மொட்டைமாடி மேசையில் மூன்று பேர்

சென்ற வாரம் என் மருமகள் என்னை ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில் இருக்கும் உணவகத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் சாப்பாட்டு மேசைகள், கீழே நகரம். அகலமான வெள்ளைத் தட்டின் நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்கு எதையோ குழைய வேகவைத்து, காளான் சீவிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆவி மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. சாமை. "கல்வராயன் மலையிலிருந்து வரவழைக்கிறோம், மேடம்" என்றார் பரிமாறியவர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னாச்சு அத்தை?" என்று பதறினாள் மருமகள். நீ இருந்திருந்தால் அந்தத் தளமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்திருப்பாய்.

மெட்ராஸில், பெண்கள் விடுதியில் நம் அறைக்கு வந்த முதல் நாளே நீ சொன்னாய்: "எங்க ஊர்ல நெல்லுச்சோறு விருந்தாளிக்கு. சாமை எங்களுக்கு." வெட்கமில்லாமல், பெருமையுமில்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாய்.

நாம் இருவரும் மத்திய அரசின் ஒரே அலுவலகத்தில் ஒரே சமயத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர்கள். நான் களமருதூர் என்றதும், "உளுந்தூர்பேட்டையாண்ட கீதே, அதா? அப்ப நம்மூருதான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, அரசு விடுதியில் தங்கிப் படித்து, பழங்குடியினருக்கான இடத்தில் தேர்வாகி வந்தவள் நீ. உங்கள் ஊரில் சம்பளம் வாங்கிய முதல் பெண். அலுவலகத்தில் சிலர் உன் காதுபடவே "கோட்டா" என்பார்கள். நீ நிமிர்ந்து பார்த்து, "ஆமாங்க, அதுலதான் வந்தேன். அந்த ஃபைல இப்பிடி குடுங்க" என்பாய்.

சம்பளம் வந்ததும் வரும் சனிக்கிழமை, பட்டணத்தின் பெரிய ஓட்டல்களில் ஒன்றுக்குப் போவது என்று முடிவு செய்தது நீதான். முதல் தடவை, நட்சத்திர ஓட்டல் வாசலுக்கு எதிர்ப் பக்க நடைபாதையில் நான் தயங்கி நின்றேன். தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். "வாடி, அவருக்குக் கை வலிக்கப்போவுது" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாய். உள்ளே உணவுப் பட்டியலில் பாதிப் பெயர்கள் நமக்குப் புரியவில்லை. நான் புரிந்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். நீ பரிமாறுபவரை அருகில் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, "இது இன்னாங்க? இதுல இன்னா போடுவாங்க?" என்று கேட்டாய். அவரும் பொறுமையாகச் சொன்னார். "கேக்க வெக்கப்பட்டா, இன்னான்னு தெரியாமயே துன்னுட்டுப் போவணும்" என்றாய் என்னிடம்.

அப்படி எத்தனை இடங்கள்! குளிரூட்டிய அறைகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீன உணவு. கடல் தெரியும் கண்ணாடி ஓரத்தில் தேநீரும் கேக்கும். ஆண்கள் இல்லாமல் இரண்டு பெண்கள் தனியாக வந்து உட்கார்ந்தால் பக்கத்து மேசைகள் பேச்சை நிறுத்திவிடும் காலம் அது. நீ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொண்டதில்லை.

அப்போதுதான் நம் பக்கத்தில் எங்கள் சனத்தின் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. சாலையோரத்து மரங்களை வெட்டி நெடுஞ்சாலையில் போட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகளும் பேருந்துகளும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. வீட்டிலிருந்து தகவல் இல்லாமல் நான் தவித்தேன். சாலை திறந்த மறுநாள், ஒரு சனிக்கிழமை மாலை, என் அண்ணன் விடுதி வாசலில் வந்து நின்றான். கசங்கிய வேட்டி, கையில் சிராய்ப்பு, கண்ணில் தூக்கமில்லை. போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவன்.

"துணிமணிய எடுத்துக்கோ. காலையில பஸ்ஸு" என்றான். மணலூர்பேட்டையில் ஒரு வரன், கரும்பு விவசாயக் குடும்பம், வேலைக்குப் போகும் பெண் அவர்களுக்கு வேண்டாம். "அப்பா வாக்கு குடுத்துட்டாரு. ராஜினாமா கடுதாசிய தபால்ல அனுப்பிக்கலாம்."

வெளியே கிளம்பத் தயாராக நின்ற நீதான் முன்னால் வந்தாய். "அண்ணா, சாப்ட்டீங்களா? இல்லல்ல? நாங்க சாப்புடத்தான் போய்க்கினு கீறோம். நீங்களும் வாங்க. காலையிலதான பஸ்ஸு?" பசி அவனை நம்மோடு நடக்க வைத்தது.

அன்றைக்கு நாம் தேர்ந்தெடுத்திருந்தது மொட்டைமாடி உணவகம். லிஃப்டிலிருந்து இறங்கியதும் கோட்டு போட்ட ஒருவர் அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். "சாரி மேடம், வேட்டிக்கு அனுமதி கிடையாது."

அண்ணன் முகம் கறுத்தது. அவன் கை முஷ்டியாவதை நான் பார்த்தேன். நீ குரலை உயர்த்தவில்லை. நம் அலுவலகத்தில் பேசும் அதே குரலில், "அப்பிடியா? அத எழுதிக் குடுத்துடுங்க சார். வேட்டி கட்டினவருக்கு இங்க சாப்பாடு இல்லன்னு ஓட்டல் தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாங்க போயிடறோம்" என்றாய். அவர் உள்ளே போனார். மேலாளர் வந்தார், நம் மூவரையும் பார்த்தார், சிரித்தார். சமையலறைக் கதவோரம் ஒரு மேசையைக் காட்டினார். "அது வேணாங்க, அந்த ஓரத்து மேசை காலியாத்தான கீது" என்று நடந்தாய். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாந்தோம் பக்கத்துக் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மதுக்கூடத்தில் நின்றவர்கள் நம்மையே பார்த்தார்கள். நீ அங்கே போய், மது சேர்க்காத பழரசத்தை உயரக் கோப்பைகளில் மூன்று வாங்கி வந்தாய். அண்ணன் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தான். கறி வந்தது, ரொட்டி வந்தது. பாதி சாப்பிட்ட பிறகு நீ கேட்டாய்.

"ரோட்ட எதுக்குண்ணா மறிச்சீங்க?"

"இன்னாம்மா இப்பிடி கேக்கற? எங்க சனம் எத்தினி வருசமா காட்டுலயே கெடக்குது. ஆபீஸுல எங்க புள்ளைங்க ஒக்கார வேணாமா?"

"ஒக்காரணும்ணா. கண்டிப்பா ஒக்காரணும். நானே அப்பிடி ஒக்காந்தவதான். அது கெடைக்கலன்னா நான் மலையில வெறகு பொறுக்கிகினு இருப்பேன்." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய். "ஆனா உங்க வூட்டுல ஏற்கெனவே ஒருத்தி ஒக்காந்துகினு கீறாளே. ஒதுக்கீடு இல்லாமயே எழுதி, பாஸாயி ஒக்காந்தா. ஊருக்கெல்லாம் நாற்காலி கேட்டு அடி வாங்கிட்டு, தங்கச்சிய நாற்காலியிலேர்ந்து எழுப்பி இட்டுகினு போறீங்களே, அண்ணா!"

அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். மலையிலிருந்து வந்த ஒரு பெண் தன்னை முகத்துக்கு நேரே கேள்வி கேட்பதை அவன் அதற்கு முன் கண்டதில்லை. ஊரில் அப்படிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உனக்கும் தெரியும். ஆனாலும் நீ கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் கைப்பிடிச் சுவர் வரை போய், நமக்கு முதுகைக் காட்டி நின்றான். கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

திரும்பி வந்து உட்கார்ந்தான். "ஆறிப்போவுது, சாப்புடுங்க" என்றான். அப்புறம் உன்னைப் பார்த்து, "இந்தக் கறியில காரம் கம்மி. எங்க வூட்டுக்கு வாம்மா, அம்மா கொழம்பு வைப்பாங்க" என்றான். அன்றிரவு நான் ஊருக்குத் துணி எடுத்துவைக்கவில்லை.

காலையில் அவன் தனியாகத்தான் பேருந்து ஏறினான். அப்பாவிடம் அவன் சொன்னதை அம்மா பின்னாளில் சொன்னாள்: "அவ வேல பாக்கட்டும். கட்டிக்கிறவன் வேணும்னா மெட்ராஸுக்கு வரட்டும்." வீட்டில் பெரிய சண்டை. அப்பா வெகுநாள் அவனோடு பேசவில்லை. மணலூர்பேட்டைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டவர் மெட்ராஸுக்கே வந்தார். நான் அதே அலுவலகத்தில் அதிகாரியாகி ஓய்வு பெற்றேன். போராட்டம் பலித்து, அண்ணன் மகளும் அந்த ஒதுக்கீட்டில் படித்து வேலைக்கு வந்தாள். அவளை விடுதியில் சேர்க்க வந்தபோது, "அந்த வெள்ளிமலப் பொண்ணு எங்க கீது? இவள அதுகிட்ட காட்டணும்" என்றுதான் முதலில் கேட்டான்.

போன ஆடியில் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று உன் தம்பி சொன்னதும் நான் அண்ணனுக்குத்தான் முதலில் தகவல் சொன்னேன். முழங்கால் வலியோடு உன் ஊருக்கு மலைப்பாதை வளைவுகளெல்லாம் பேருந்தில் குலுங்கியபடி வந்தான். உன் தலைமாட்டில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். அழவில்லை. உன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சிக்கும் எனக்கும் சண்ட வராம பாத்துகினது இவதான்பா" என்றான்.

நீ போனபின் நான் எந்த ஓட்டலுக்கும் போகமாட்டேன் என்றுதான் பிள்ளைகள் நினைத்தார்கள். மருமகள் அழைத்துப் போனதும் அந்தக் கவலையில்தான். ஆனால், தோழி, இந்தச் சனிக்கிழமை நான் யாரிடமும் சொல்லாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் மாடி உணவகத்துக்குப் போனேன். வாசலில் நின்ற பெண் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை பேர், மேடம்?" என்று கேட்டாள்.

"நான் மட்டும்தான்மா" என்றேன். "கடல் தெரியிற மாதிரி குடு. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."