சுவீடன் ராணியின் அக்கா

1952, ரஜப் மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

என் தங்கை சபியாவைச் சைகோனுக்குக் கூட்டிப்போக அவள் மாப்பிள்ளை வந்து ஒரு மாதமாகிறது. எங்கள் தெருவில் பெண்கள் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, புருஷன்தான் வந்து இருப்பான். அதனால் அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது மாப்பிள்ளை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்தது என்று ஒரு கதை சொன்னார். மார்சேய் பட்டு வியாபாரி ஒருவருடைய மகள். அவள் புருஷனுக்கு எப்படியோ சுவீடன் ராஜ்யம் கிடைத்துவிட்டது. இவளும் போய்ப் பார்த்தாள், குளிர் தாங்கவில்லை. பாரிசுக்குத் திரும்பிவந்து பன்னிரண்டு வருஷம் அக்கா பக்கத்திலேயே இருந்துவிட்டாளாம்.

"நம்ம தெருப் பொண்ணேதான்! ராஜாவை அங்க வந்து இருக்கச் சொல்றதுதானே?" என்றேன்.

"ராஜா எப்படி லாத்தா பொண்டாட்டி வீட்டுல வந்து இருப்பாரு?" என்று அக்காவான என்னிடமே கேட்டார்.

"ஏன், நீங்க இல்லையா? வட்டிலப்பம் ஒரு கரண்டி குறைஞ்சா மொகம் வாடிப்போவுதே!"

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசில, மவனுக்குப் பாத்த கல்யாணப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு சுவீடனுக்குக் கப்பலேறிட்டா. மவுத்தாயி அடக்கமாவுற வரைக்கும் அங்கதான். சைகோன்ல குளிரே கெடையாது லாத்தா."

சபியா மட்டும் சிரிக்கவில்லை.

"அதுக்கப்புறம் அக்காவைப் பாத்தாளா?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமலே கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போவதென்று முடிவு செய்துவிட்டாள்.

ராணி என்ன உடுத்தினாள், கிரீடம் கனக்காதா என்றெல்லாம் கேட்ட நான், அந்த அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கப்பல் போன மறுநாள், பழக்கத்தில் தங்கைக்கும் சேர்த்துத் தட்டு வைத்திருப்பாளோ?