பு. வேல்விழி என்று ஒரே ஒரு தடவை

தாயில்பட்டி,
12.06.2025

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அங்கே புனேயில் நீயும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதிவிட்டேனே தவிர, செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு மண்டை கொதிக்கிறது. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடன் முடிக்கிற பாரத்தை விருதுநகர் பைனான்ஸ் ஆபீசில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடன் வாங்கிய அன்றைக்கு பு. வேல்விழி என்று போட்டிருக்கிறாய், இப்போது வே. வேல்விழி என்று போட்டிருக்கிறாய், இரண்டும் சேரவில்லை, செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒருநாள் கூலி போனது, பஸ் காசு போனது, மத்தியானச் சாப்பாடு தூக்குவாளியிலேயே ஊசிப்போனது. இதை போனில் சொல்லலாம் என்றால் லோன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நீ வைத்துவிடுகிறாய். நீயாகக் கூப்பிடும் நேரமோ பதினோரு மணி. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, என் போன் கேட்டில் பெட்டிக்குள் கிடக்கும் என்று சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்த உனக்கே தெரியவில்லை என்றால் யாரிடம் சொல்ல. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கோபம் வந்தால் மடித்து வை, ஆறிய பிறகு எடுத்துப் படி, ஆனால் கடைசிவரை படி.

நடந்தது உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே புத்தி தெளிகிறது. புகழேந்தி லோடு வண்டி வாங்கியபோது அவன் பேருக்கு மட்டும் கடன் கிடைக்கவில்லை, உனக்கு சிவகாசி பிரஸ்ஸில் சம்பளச் சீட்டு இருந்ததால் நீயும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாய். புருசன் பெண்டாட்டிதானே, வண்டி ஓடினால் இரண்டு பேருக்கும் சோறு என்று நானும் தலையை ஆட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்களுக்குள் ஒத்துவராமல் போனபோது செல்லப்பாண்டிப் பெரியப்பாவும் அவன் பக்கத்துக் காரியாபட்டி ஆட்களும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பாத்திரமும் நகையும் பெண்ணுக்கு, வண்டியும் வண்டிக் கடனும் பையனுக்கு, இனி ஒருத்தர் மேல் ஒருத்தருக்குப் பாத்தியம் இல்லை என்று பத்திரத்தில் எழுதி, உறவு முறிந்ததற்குத் துரும்பைக் கிள்ளிப் போட்டு, எல்லோரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள். அந்த வண்டிக் கடன் என்ற வார்த்தையை எழுதச் சொன்னதே நான்தான். பெரியப்பா வண்டி என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனார். நான் இடையில் விழுந்து, அண்ணாச்சி, கடனையும் சேத்து எழுதுங்க, பின்னால எம் புள்ள தலையில வந்து விடியக் கூடாது என்று சொன்னேன். மண்டபத்தில் இருந்த ஆம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்னைப் போல விவரமானவள் ஜில்லாவிலேயே இல்லை என்று வீடு வருகிறவரை உன் அப்பாவிடம் பீற்றிக்கொண்டு வந்தேன். மறுநாளே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் அந்தப் பத்திரத்துக்கு லேமினேஷன் வேறு போட்டு பீரோவில் வைத்தேன். ஐம்பது ரூபாய் அதற்கு.

அந்த லேமினேஷன் பத்திரத்தைத்தான் போன மாசி மாதம் பைனான்ஸ் ஆபீஸ் மேஜை மேல் கொண்டுபோய் வைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் வசூல்காரர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து, நம் தெருவில் நின்று, ஒம்ம மக கையெழுத்துப் போட்ருக்கு, அவரு கட்டலன்னா நீங்கதான் பதில் சொல்லணும் என்று உன் அப்பாவிடம் சத்தம் போட்டிருக்கிறார்கள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அவர்களுக்கு மோர் கொடுத்திருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்து கேட்டால், பாவம் புள்ள, வெயில்ல வந்துருக்காங்க, அவங்களும் கூலிக்குத்தான வாராங்க என்கிறார். இந்த மனிதரோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியதற்கு எனக்குத்தான் யாராவது மோர் கொடுக்க வேண்டும். ஆபீசில் அந்தப் பெண் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. உன் வயதுதான் இருக்கும். அம்மா, ஊர்க்காரங்க எழுதுனது ஊருக்குச் செல்லும், நாங்க ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கித்தான் பணம் குடுத்தோம், அவுக பிரிஞ்சுட்டாகன்னா நாங்க ஆளுக்குப் பாதின்னு பிரிக்க முடியாது, முழுக் கடனுக்கும் ரெண்டு பேருந்தான் பொறுப்பு என்று மரியாதையாகத்தான் சொன்னது. நான் விடுவேனா, அடுத்த திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். மனு எழுதுகிறவர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அழகாக எழுதினார். மனுவை வாங்கியவர், கடன் பத்திரத்துல எத்தன பேரு இருக்கு என்று மட்டும் கேட்டார். இரண்டு என்றேன். அப்பறம் என்னம்மா என்றார். துரும்பைக் கிள்ளியதில் கல்யாணம்தான் முடிந்திருக்கிறது, கடன் முடியவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

புனேயில் பேங்க்காரன் உன் கடன் மார்க்கை, அந்தச் சிபிலைப் பார்த்துவிட்டு, நீ சிவகாசியில் சொந்தமாகப் போட நினைத்த லேபிள் மிஷினுக்கு லோன் இல்லை என்று சொன்ன அன்று, எல்லாம் முடிஞ்சதுன்னு நீதானம்மா சொன்ன என்று போனில் என்னிடம் கத்தினாயே, அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். நான் சொன்னதை நம்பித்தான் நீ அந்தக் கடனைத் திரும்பியே பார்க்காமல் இருந்தாய், ஒருநாள் ஆபீசுக்குப் போய் என் பேரை எடுங்கள் என்று கேட்காமல் இருந்தாய். தப்பு என் மேல்தான், இதை எழுதிக் கொடுக்கிறேன், வேண்டுமானால் இதற்கும் லேமினேஷன் போட்டு வைத்துக்கொள். ஆனால் தப்பு யார் மேல் என்று பேசிக்கொண்டே இருந்தால் மாதாமாதம் வட்டியும் அபராதமும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் சித்திரையில் நானே காரியாபட்டிக்குப் போனேன். உன்னிடம் கேட்காமல் போனது உனக்குக் கோபம், கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டாய் என்பதால்தான் கேட்கவில்லை.

வண்டி அவர்கள் வீட்டு வாசலில் டயர் இறங்கி நிற்கிறது. மேலே கோழி அடைந்திருக்கிறது. ராமுத்தாய் மதினி, அதுதான் உன் பழைய மாமியார், என்னைக் கண்டதும், வாங்க மதினி, வெயில்ல வந்துருக்கீக என்று டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். குடிக்கக் கூடாது என்றுதான் போனேன், தாகத்தில் குடித்துவிட்டேன். அந்தப் பையன் தலையைத் தூக்கவே இல்லை. போன வருடம் ஆய்வு வந்து கம்பெனிகளை மூடிப்போட்ட மாதங்களில் அவனுக்கு லோடே கிடைக்கவில்லையாம், அதில் விட்ட தவணையை அப்புறம் பிடிக்க முடியவில்லையாம். ஏன்யா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல, அந்தப் புள்ளயும் அதுல மாட்டிக்கிட்டு நிக்கிதே என்று கேட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போன் பண்ணுவேன் அத்தை என்றான். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மற்ற எல்லாம் செய்கிறான், சாப்பிடுகிறான், கிரிக்கெட் பார்க்கிறான், போன் மட்டும் பண்ண முடியவில்லை. திட்டித் தீர்த்துவிட்டேன். ஆனாலும் வண்டியை விற்றுக் கடனை அடைக்கச் சம்மதம் என்று என் முன்னாலேயே சொன்னான். சிவகாசியில் அட்டைப்பெட்டி போடுகிற ஒருத்தர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார். அபராதத்தோடு கடன் ஒரு லட்சத்து எண்பத்தைந்து நிற்கிறது. குறைகிற இருபத்தைந்தில் அவன் பதினைந்து தருகிறான். மீதி பத்தை நான் போடுகிறேன், அவன் கடனுக்கு நாம ஏன் போடணும் என்று நீ குதிப்பாய் என்று தெரியும். அவன் கடன் என்று எழுத வைத்து ஏமாந்தது போதும், இது உங்கள் இரண்டு பேர் கடன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பாய். பைனான்ஸ்காரர்களே ஒரு லட்சத்து நாற்பது கட்டினால் போதும், கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். நாற்பத்தைந்தாயிரம் தள்ளுபடி. எனக்கு வாயெல்லாம் பல். சேலைக் கடையில் ஐம்பது ரூபாய் குறைக்க ஒருமணி நேரம் நிற்கிறவளுக்கு இது போதாதா. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து நம் மகளிர் குழுவுக்கு வருகிற பேங்க்காரப் பெண் கற்பகத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா, பேரம் பேசி முடிச்சா கடன அடைச்சதா எழுத மாட்டாங்க, பேசி முடிச்சதாத்தான் எழுதுவாங்க, அது ஏழெட்டு வருசத்துக்கு உங்க மக பேர்ல நிக்கும், எந்த பேங்க்கும் யோசிக்கும், முழுசாக் கட்டிட்டு, பாக்கி இல்லன்னு என்.ஓ.சி. வாங்குங்க என்றாள். அதிகம் கொடுத்தால்தான் நல்ல பேர், குறைத்துக் கொடுத்தால் கெட்ட பேர், இது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை, ஆனால் அவள் நமக்குக் கெடுதல் சொல்ல மாட்டாள். கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்திருந்தாலும் கடன் இப்படித்தான் நிற்குமாம். முழுசாக அடைத்த பிறகு நீ பேங்க்கில் கொஞ்சம் டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு சின்ன கார்டு வாங்கி, மளிகைக்கு மட்டும் தேய்த்து, தேதி தவறாமல் கட்டி வந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் சிபில் மெல்ல ஏறும் என்கிறாள். ஆக இந்தத் தீபாவளிக்கு உன் மிஷின் இல்லை. சிவகாசியில் நீ பார்த்து வைத்த அறைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், வேறு ஆளுக்கு விடுங்கள் என்று. சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த மனிதர் என்னமோ வாடகை கூடிப்போச்சு என்று நான் அழுவதாக நினைத்து இருநூறு ரூபாய் குறைத்தார்.

இப்போது பாரத்துக்கு வருகிறேன். வண்டியை விற்கக் கடனை முழுசாக அடைக்க வேண்டும், அதற்குக் கடன் வாங்கிய இரண்டு பேரும் இந்தப் பாரத்தில் போட வேண்டும், அன்றைக்குப் போட்ட அதே கையெழுத்து. அவன் போட்டுவிட்டான். பெட்டிக்காரர் இருபத்தைந்தாம் தேதிவரைதான் பொறுப்பார், ஆடி பிறந்தால் லோடு ஆரம்பித்துவிடும், அதற்குள் வேறு வண்டி எடுத்துவிடுவார். அப்புறம் கோழி அடைகிற அந்த வண்டியை யார் வாங்குவார்கள். முதல் தடவை நீ வே. என்று போட்டதைப் பார்த்து உன் அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், எம் பேரப் போட்ருக்கா பாரு என்று என்னிடம் காட்டினார், பாரம் செல்லாது என்றதும் பாவம் முகம் சுருங்கிவிட்டது. ஏன் மாற்றிப் போட்டாய் என்று உன்னிடம் கேட்டதற்கு, அந்த எழுத்தப் போட எனக்குக் கை வரலம்மா என்று வாய்ஸ் அனுப்பினாய். கேட்டில் போனை வாங்கி, வேலை விட்டுப் போகிற சனத்துக்கு நடுவில் நின்று அதைக் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை. அந்த மண்டபத்தில் நீ ஒருத்தி மட்டும் அழாமல் உட்கார்ந்திருந்தாய், அன்றைக்கு உனக்குக் கல்நெஞ்சு என்று நினைத்தேன். நீ அழ வேண்டியதை எல்லாம் அந்த ஒரு எழுத்தில் வைத்திருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனாலும் போடு தாயி. அவனுக்காக இல்லை. கை வரவில்லை என்றால் கழுவிவிட்டுப் போடு, போட்டுவிட்டு மறுபடியும் கழுவு. புதுப் பாரம் உள்ளே வைத்திருக்கிறேன், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் நீலப் பேனாவில் போட வேண்டும். பழையபடி வே. என்று போட்டு அனுப்பினாய் என்றால் புனேக்கே ரயிலேறி வந்துவிடுவேன், எனக்கு ரயில் என்றாலே வாந்தி என்பது உனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, கூட வேலை பார்க்கிற எவளுக்கும் எதிலும் கூட்டுக் கையெழுத்துப் போடாதே, நான் செத்துப்போனாலும் போடாதே. அம்மன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல சம்பளமும் கொடுக்கட்டும், உன் கண்ணில் இனி தண்ணி வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

திருப்பி அனுப்ப கூரியர் கவரும் இதோடு இருக்கிறது. நீ எழுதச் சோம்பல்படுவாய் என்று அனுப்புநர் இடத்தில் நானே எழுதிவிட்டேன். வே. வேல்விழி, தாயில்பட்டி என்று. உள்ளே எது இருந்தாலும் மேலே உன் பேர் அதுதான்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டிக்கொண்டே காத்திருக்கும் அம்மா,
வே. முத்துமாரியம்மாள்