கையால் தள்ளியதும் ஏறிய பேரிங்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

மில் ஓடாத பகல் எவ்வளவு நீளமானது என்று இப்போதுதான் தெரிகிறது. நீங்கள் போன பிறகு அறுப்புக் காலத்தில் நம் மில் நின்றது இதுதான் முதல் தடவை. இராஜாக்கமங்கலத்திலிருந்து நெல் ஏற்றி வரும் வண்டிகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊர் மில்லுக்குப் போகின்றன. போகட்டும். எனக்கு அலுத்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். மாசி அறுப்பு தொடங்கிய சமயம், பெல்ட் ஓடும் ஷாப்ட் தண்டைத் தாங்குகிற ஒரு பக்கத்துப் பேரிங் தேய்ந்து அலறியது. நம் இஞ்சின் டிரைவர் தாசையன் அதைக் கழற்றிக் கொடுத்தார். நான் நாகர்கோவிலுக்குப் போய், உங்கள் சிநேகிதர் சிவதாணு அண்ணாச்சி கடையில் அதே அளவில் புதிது வாங்கினேன். சீமைப் பெட்டி, மெழுகுத்தாள், எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"அசல் சரக்கு தங்கச்சி. அவன் போனாலும் அவனுக்க மில்லு நம்ம மில்லுல்லா" என்றார்.

தாசையன் அதை மாட்டும்போதே முகம் சுளித்தார். "புதுசுன்னா எண்ணெயில சூடாக்கி, மெள்ளத் தட்டினாத்தான் தண்டுல ஏறும். இது கையால தள்ளுன ஒடனே ஏறிட்டுதேம்மா." வாசலில் வண்டிகள் காத்துக் கிடந்தன. சீமைப் பெட்டியில் வந்ததை இருவரும் நம்பினோம்.

அந்த வாரமே ஒரு முற்பகலில் பேரிங் உடைந்தது. ஷாப்ட் துள்ளி, பெல்ட் அறுந்து தாசையன் தோளில் விழுந்தது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. வர்ம ஆசான் கட்டுப் போட்டிருக்கிறார். கழுத்தில் விழுந்திருந்தால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

உடைந்த துண்டுகளையும் பழைய பேரிங்கையும் மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தேன். பழையதில் கம்பெனிப் பேர் ஒரே ஆழத்தில், சீராக இருந்தது. மற்றதில் எழுத்துகள் கோணல்மாணல். கையால் அடித்த முத்திரை. அதற்கு அடியில், தேய்த்து அழித்த வேறொரு நம்பரின் நிழல். வளையத்தின் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல்கள். குண்டுகளில் சில பளபளப்பு, சில மங்கல். எங்கேயோ ஓடித் தேய்ந்ததை மினுக்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தேய்ந்த துவாரம் அகன்றிருந்ததால்தான் அது அத்தனை சுலபமாக ஏறியது.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு சண்டை போடத்தான் போனேன். அண்ணாச்சி மறுக்கவே இல்லை.

"சீமைச் சரக்கு வரணும்னா லைசென்ஸு வேணும், மாசக்கணக்காக் காத்துக் கெடக்கணும். நான் எங்க போவேன்? உம் மாப்பிள்ளைக்கும் இதத்தாம் குடுத்தேன். உலகச் சண்டைக் காலத்துல அவன் தெரிஞ்சேதான் வாங்கிட்டுப் போனான். வேணும்னா உன் டிரைவர்ட்ட கேளு."

துண்டுகளை அவர் மேசையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். தெரிந்தே வாங்கினீர்களா, அத்தான்? தாசையன் நின்ற இடத்தில், தெரிந்தே?

நேரே தாசையன் வீட்டுக்குப் போனேன். சாய்ந்து படுத்திருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார்; நான் விடவில்லை. கேட்டேன்.

"உள்ளதுதாம்மா. அப்ப வேற கெடைக்காது. மில்லு நின்னா ஊருக்கு அரிசி ஏது? ஆனா அந்தப் பேரிங் கெடந்த காலம் முழுக்க அவிய என்னைய அந்தப் பக்கம் விடல்ல. 'நீ இஞ்சின்கிட்ட நில்லுடே'ன்னுட்டு, பெல்ட்டுக்க கீழ அவியளே நின்னாவ. தொட்டுத் தொட்டுப் பாப்பாவ. சூடு ஏறுனா நிறுத்துவாவ."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"ஒங்ககிட்ட சொல்லாண்டாம்னு சொல்லியிருந்தாவம்மா."

அந்த நாட்களில் மத்தியானச் சோறு கொண்டுவரும்போதெல்லாம், "உள்ள வராத, வாசல்லயே வச்சிட்டுப் போடி" என்று கத்துவீர்கள். ஆட்கள் முன்னால் இப்படி விரட்டுகிறாரே என்று எத்தனை நாள் கண் கலங்கித் திரும்பியிருக்கிறேன். வீட்டில் இரண்டு பொழுது பேசாமல் இருந்திருக்கிறேன். அப்போதும் வாய் திறக்கவில்லையே நீங்கள்.

உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல், பெல்ட் இல்லை. அது வெறும் அதிர்ஷ்டம்தானே? தாசையனுக்காக நின்றீர்கள், சரி. பெல்ட் உங்கள் மேல் விழுந்திருந்தால் என் பக்கம் யார் நின்றிருப்பார்? உங்களை நினைத்து அழுவதா, உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறேன்.

மதுரைக் கடை ஒன்றுக்குச் சொல்லி வேறு பேரிங் வரவழைத்தேன். எழுத்தெல்லாம் அழகாகத்தான் இருந்தது. காதருகே வைத்துச் சுற்றினால் மணல் அரைபடுகிற சத்தம். தண்டில் வைத்துத் தள்ளினேன், ஏறிவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது சென்னைக்கு எழுதியிருக்கிறேன். எப்போது வருமோ. மற்ற மில்காரர்களிடமும் போய், எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்னேன். ஒருவர் கவனமாகக் கேட்டார். மற்றவர்கள், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று பார்த்தார்கள்.

தாசையன் இன்று ஆள் அனுப்பியிருந்தார். "பழச வச்சு ஓட்டுவோம்மா, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுகேன்" என்றாராம். முறிந்த எலும்போடு! உங்களிடம்தான் கற்றிருக்கிறார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்கு இது: நீங்கள் நின்ற அந்த இடத்தில் நானும் நிற்க மாட்டேன், இன்னொருவரை நிற்க வைக்கவும் மாட்டேன். அசல் வரும்வரை மில் பூட்டியே கிடக்கும். ஊர் என்னைக் கெட்டிக்காரி இல்லை என்று சொல்லட்டும். கோபம் வந்தால் கனவில் வந்து கத்துங்கள். இந்தத் தடவை நான் வாசலில் நிற்கப் போவதில்லை.

உங்களோடு சண்டை தீராத,
மாமன் மகள்
பகவதி