உன் கல்லறையில் இடம் கேட்ட இன்னொரு தங்கச்சி

என் றீற்றா அக்கா,

நீ போன பிறகு இரண்டாவது கோடையும் வந்துவிட்டது. பலர்மோ வழமைபோல் கொதிக்கிறது. நான் பல்லரோ சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறேன். என் மகள் நத்தாலி ஒரு பல் வைத்தியரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன்னோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

ஆனி மாதம் ஒரு பெண் என் கதவைத் தட்டினாள். முப்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்துபோன முகம். பெயர் மரீனா. புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்திருந்தாள். நீ பார்த்துவந்த சிஞ்ஞோரா கொஞ்செத்தாவின் தங்கை லூச்சியாவின் பேத்தி. தோளில் கிடந்த பையைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தாள். பையில் லூச்சியாவின் சாம்பல் இருந்ததைப் பிறகுதான் சொன்னாள்.

"சாகேக்கை ஒண்டுதான் கேட்டவ," என்றாள், அரைகுறை இத்தாலியனில். "தன்னை ஊருக்குக் கொண்டுபோய் ரீத்தாவோடை வைக்கச் சொன்னவ. ரீத்தான்ரை கல்லறை அறையைத் திறக்க நீங்கள் சம்மதிக்கோணுமாம். கொமூனே நகரசபையிலை சொன்னவை."

தன் சொந்த அக்காவோடு அல்ல. அவர்கள் வாயில் ரீத்தாவாகிப்போன என் அக்காவோடு.

நீ அந்த மலைக்கிராமத்துக்குப் போனது ஒரு மாரிகாலத்துக்கு மட்டும் என்று சொல்லித்தானே? படுக்கையில் விழுந்த ஒரு கிழவியைப் பார்க்கிற வேலை, வசந்தம் வர இறங்கிவிடுவேன் என்றாய். கொஞ்செத்தா எழுந்து நடந்தாள். நீ இறங்கவில்லை. ஸ்தேஷனடியில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்ட, நான்தான் மேலே வருவேன். வந்தால் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு என்னை வெறுமனே பார்ப்பாள். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஊரில் பாதிக் கதவுகள் பூட்டியே கிடந்தன. ஒவ்வொரு கதவுக்கும் நீ கதை சொல்வாய். இந்த வீட்டு ஆண்கள் முதலில் ஆர்ஜென்டினாவுக்குக் கோதுமை வெட்டப் போய்த் திரும்பிவந்தார்கள். அந்த வீட்டார் நியூயோர்க் போய்த் திரும்பவில்லை. இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் மிச்சப்பேர் பெண்டு பிள்ளைகளோடு போனார்கள். கொஞ்செத்தாவின் தகப்பன் அதற்கு முன்பே சேமக்காலையில் குடும்பத்துக்கென்று ஒரு கல்லறை கட்டி, சுவரில் பிள்ளைகள் எல்லாருக்கும் அடுக்கடுக்காக அறை வைத்திருந்தார். பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம் போய்ச் செத்தார்கள். அறைகள் வெறுமையாகக் கிடந்து ஈரத்தில் இடிந்தன.

கடைசியாகப் போனவள் இந்த லூச்சியா. மாப்பிள்ளை அதே ஊர்க்காரன், ஆனால் அவன் அப்போது புவனோஸ் அயர்ஸில். அதனால் ஊர்க் கோயிலில் அவனுக்குப் பதிலாக அவளுடைய சொந்தத் தமையன் பக்கத்தில் நின்று மோதிரம் போட்டானாம். நீ இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். மணப்பெண் பலர்மோத் துறைமுகத்தில் தனியாகக் கப்பல் ஏறினாள். நோயாளித் தாயைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போகிறாள் என்ற கோபத்தில் கொஞ்செத்தா வழியனுப்பவும் வரவில்லை. பிறகு அக்காவும் தங்கையும் ஆயுள் முழுக்கக் கதைக்கவில்லை.

இதுவரைதான் நீ எனக்குச் சொன்னாய். மிச்சத்தை ஏன் மறைத்தாய்?

மிச்சத்தை என் வீட்டுக் கதிரையில் இருந்து மரீனா சொன்னாள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு லூச்சியா போன் அடிக்க, நீ எடுத்தாயாம். கொஞ்செத்தா முகத்தைத் திருப்ப, நீ விடாமல் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாயாம். இரண்டு கிழவிகளும் ஒரு சொல்லும் சொல்லாமல் அழுதார்களாம். கொஞ்செத்தா போன பிறகும் லூச்சியா ஒவ்வொரு கிழமையும் போன் அடித்திருக்கிறாள், உனக்காக. நீ செத்தபோது தங்கள் குடும்பக் கல்லறையில் உன்னை வைக்கச் சொன்னவளும் அவள்தான். அன்றைக்கு எனக்குத் தலை வேலை செய்யவில்லை. சரி என்றேன்.

"உங்கடை அக்கான்ரை குரல் என்னட்டை இருக்கு," என்று மரீனா கைபேசியை நீட்டினாள். நல்ல எண்ணத்தோடுதான் நீட்டினாள், பாவம். நீ லூச்சியாவுக்கு அனுப்பிய குரல் செய்தி. சிசிலிப் பாஷையில் கடகடவென்று பேசினாய். தக்காளி காயவைத்தது, பாதிரியாரின் புது நாய், உன் முழங்கால் நோ. முழங்கால் நோவை எனக்கு நீ சொல்லவேயில்லை. கடைசியில் அவளை "சொரூத்ஸா" என்றாய். தங்கச்சி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியது, அக்கா. செத்தவளில் என்ன பொறாமை என்று கேட்பாய். வந்ததே, நான் என்ன செய்ய?

"இல்லை," என்றேன். "அந்த அறை என்ரை அக்கான்ரை."

மரீனா பையை அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நத்தாலி குசினி வாசலில் நின்றாள். "அம்மா, அவ ஒரு பிடி சாம்பல். உங்களை என்ன செய்யப்போறா?"

"நீ பேசாதை. வதிவிட அனுமதிக்காக உன்னைக் குவெஸ்தூராப் பொலிஸ் வரிசையிலை தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டவள் நான்."

அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மரீனா இந்த மண்ணை முன்பின் பார்த்ததில்லை. லூச்சியாவின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டி அங்கிருந்தே இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டாள். இங்கேயே பிறந்த நத்தாலி பதினெட்டு வயதுவரை பெர்மெஸ்ஸோ என்ற அனுமதி அட்டையோடு திரிந்தாள். இப்போது நீயும் அவர்களுக்கா?

ஆவணி மாதா திருநாளுக்கு மேலே போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள். சதுக்கத்தில் கொடி, பாண்ட் வாத்தியம், வெளிநாடுகளிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள். ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாத ஒருவர் பூட்டிய கதவொன்றைத் தடவித் தடவி அழுதார். ஊர்ச்சனம் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது. எங்கள் ஊர் கடலுக்கு அப்பாலும் இருக்கிறது என்று நகரத்தலைவர் பேசினார். கோயில் சுவரில் போனவர்களின் பெயர்களை வெட்டிய கல். அதில் உன்னைத் தேடினேன், விசரி நான். போனவர்களுக்குத்தான் கல். வந்தவர்களுக்கு இல்லை.

சேமக்காலையில் மரீனா எனக்கு முன்பே நின்றாள். உன் படத்தடியில் புதுப் பூ. அதுவும் அவள் வைத்ததுதான். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டாள்.

"நான் கேட்டதாலை கோவமோ?" என்றாள்.

"ஓம்."

அவள் குனிந்து பூவை நேராக்கினாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "உண்மையைச் சொல்லட்டே? அம்மம்மாவுக்கு உங்களைக் கண்ணிலை காட்டேலாது."

"என்னையோ? அவ என்னைக் கண்டதேயில்லையே!"

"ரீத்தா போனிலை எப்பவும் யசிந்தா, யசிந்தா எண்டுதானாம். நீங்கள் வாறதெண்டால் அண்டைக்கு ரீத்தா போனே எடுக்கமாட்டாவாம். அம்மம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பா. 'அவளுக்கு ஒரு பஸ் போதும், எனக்கு இடையிலை ஒரு கடல் கிடக்கு' எண்டுவா."

அக்கா, அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தை எந்தப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது? ஒன்பது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, தமையனின் கையைப் பிடித்துக் கலியாணம் கட்டி, திரும்பி ஒருக்கால் ஊரைப் பார்க்காமல் செத்துப்போன ஒரு மனுஷி. அவள் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். நான் திட்டித் திட்டி ஏறின அந்த நாறல் பஸ்ஸுக்காக! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். மரீனா பையிலிருந்து கைக்குட்டை எடுத்துத் தந்தாள். அந்தப் பைக்குள்தான் லூச்சியாவும் இருந்தாள்.

"சரி," என்றேன். "கொமூனேக்கு வாறன்."

மறுகிழமை மேசன் வந்து பளிங்கைக் கழற்றினார். உன் அறை நீளவாட்டில் திறக்கிறது. உன் பெட்டி தெரிந்தது. தூசி மட்டும் கொஞ்சம் படிந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். மேசன் சாம்பல் கலசத்தை வாங்கிக்கொண்டு கேட்டார், "எந்தப் பக்கம் வைக்க? தலைமாட்டிலோ, கால்மாட்டிலோ?"

மரீனா என்னைப் பார்த்தாள்.

"கால்மாட்டிலை," என்றேன்.

அவள் மேசனுக்குத் தலையாட்டினாள். நல்ல பிள்ளை. விளங்கியிருக்கும்.

இது நான் உனக்குத் தருகிற வாக்கு: தலைமாட்டு இடத்துக்கு நானும் ஒரு கலசத்தில் வருவேன். அவசரமில்லை, ஆனால் வருவேன். நத்தாலியிடம் சொல்லி, அவள் கத்தி, நான் கத்தி, ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாள். அதுவரைக்கும் கால்மாட்டில் இருக்கிற மனுஷியோடு சிசிலிப் பாஷையில் என்ன வேண்டுமானாலும் கதை. தக்காளியைக் கதை, முழங்காலைக் கதை. தமிழ் மட்டும் அவவுக்குப் பழக்கிப்போடாதே. அது நான் வந்து கதைக்க இருக்கட்டும்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
யசிந்தா